பெனின்சுலா பிளாசாவில் ஒரு பர்மியத் தேநீர்க்கடை

சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைத் தாண்டினால் பெனின்சுலா பிளாசா வந்துவிடும். சிங்கப்பூரில் நமக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா எப்படியோ, பர்மியர்களுக்கு இந்தக் கட்டடம் அப்படி. ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, லுங்கிக் கடை, முகத்தில் பூசும் தனாக்கா, ஊறவைத்த தேயிலைப் பொட்டலம், எங்கே பார்த்தாலும் வட்ட வட்டமான பர்மிய எழுத்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் நடக்க இடம் இருக்காது. அங்கே ஒரு சின்னத் தேநீர்க்கடை இருக்கிறது, ஆறே மேசை. இரண்டு வருடமாக மாதம் இரண்டு முறையாவது போய்க்கொண்டிருக்கிறேன், எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டது இது.

கடையின் பெயரை எழுதவில்லை. கடைக்கார அம்மாவிடம் கேட்டேன், "சாப்பாட்டைப் பற்றி எழுதுங்கள், பேச்சைப் பற்றியும் எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம்" என்றார். அவருடைய அப்பாவும் தம்பியும் இன்னும் மண்டலே பக்கம் இருக்கிறார்கள். அவ்வளவுதான் காரணம், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. தேடுவது கஷ்டமில்லை. படியிறங்கி, மீன் குழம்பும் வறுத்த பூண்டும் கலந்த வாசம் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் போங்கள்.

முதலில் தேநீர். இந்தக் கடையில் "ஒரு டீ" என்று சொன்னால் போதாது, எந்த மாதிரி டீ என்று கேட்பார்கள். சோ செய்ன் என்றால் இனிப்பும் கொழுப்பும் தூக்கலாக, சா செய்ன் என்றால் கடுப்பும் கொழுப்புமாக, பொ சா என்றால் இனிப்பைக் குறைத்துக் கடுப்பாக. நான் எப்போதும் சா செய்ன்தான். தேயிலையை நெடுநேரம் காய்ச்சி, கெட்டியான டிகாக்ஷனில் டின் பாலையும் ஆவியாக்கிய பாலையும் விட்டு நம்ம ஊர் டீ மாஸ்டர் மாதிரியே தூக்கி ஆற்றித் தருகிறார்கள். செங்கல் நிறம், மேலே மெல்லிய ஆடை. இனிப்பு நாக்கில் தங்குவதற்குள் தேயிலையின் துவர்ப்பு வந்து அதைத் துடைத்துவிடும். 2 வெள்ளி 50 காசு. சிங்கப்பூரில் இதைவிட நல்ல தேநீர் நான் குடித்ததில்லை, இதை யோசித்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும். உள்ளே பால் இல்லாத பச்சைத் தேநீர். அது இலவசம், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். ஒரே ஒரு பால் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். பர்மாவில் தேநீர்க்கடைகள் எல்லாமே இப்படித்தானாம். கூட்டம் போட முடியாத, பத்திரிகையில் ஒரு வரி எழுத முடியாத நாட்டில் இந்த ஃபிளாஸ்க் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரியவைத்தவர் இங்கே சனிக்கிழமைதோறும் வரும் ஒரு பெரியவர். எல்லோரும் அவரை "ஊலே" என்பார்கள், நம்ம ஊரில் பெரியவர்களை மாமா என்று கூப்பிடுவதைப் போல. நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

1988இல் ஊலே பள்ளி இறுதி வகுப்பு. சர்வாதிகார ஆட்சியை எதிர்த்த அந்த வருடத்துப் போராட்டமே ஒரு தேநீர்க்கடைச் சண்டையில்தான் தொடங்கியது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை, வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன், உண்மைதான். மார்ச் 12, ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பக்கத்தில் சண்டா வின் என்ற கடை. எந்தப் பாட்டு கேசட்டைப் போடுவது என்று மாணவர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் தகராறு, ஒரு மாணவனுக்கு அடி. அடித்தவன் உள்ளூர் ஆட்சிக்குழு ஆள் ஒருவரின் மகன் என்பதால் உடனே வெளியே விட்டுவிட்டார்கள். கேட்கப்போன மாணவர்கள் மீது மறுநாள் துப்பாக்கிச் சூடு, போன் மோ என்ற மாணவர் செத்துப்போனார். அதற்கு ஆறு மாதம் முன்புதான், 1987 செப்டம்பரில், 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று சர்வாதிகாரி நெ வினின் அரசு ஒரே நாளில் அறிவித்திருந்தது. ஈடு எதுவும் கிடையாது. கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் காகிதமாகிப்போன பையன்களின் மேல் குண்டு பாய்ந்தால் என்ன ஆகும்? ஆகஸ்ட் 8ஆம் தேதி நாடே தெருவுக்கு வந்தது. ராணுவம் சுட்டதில் மூவாயிரம் பேர் வரை இறந்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

சரி, மொஹிங்காவுக்கு வருகிறேன். இதைச் சாப்பிடாமல் இந்தக் கடையிலிருந்து வெளியே வரக்கூடாது. கெளுத்தி மீனை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து, எலுமிச்சைப் புல், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தோடு வதக்கி, வறுத்த அரிசி மாவு கரைத்த குழம்பில் வாழைத்தண்டு வில்லைகளைப் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். கிண்ணத்தில் முதலில் மெல்லிய அரிசி நூடுல்ஸ், மேலே குழம்பு, பாதி அவித்த முட்டை, கொத்தமல்லி, வறுத்த மிளகாய்த் தூள், எலுமிச்சைத் துண்டு. கடைசியாகக் கடலைப்பருப்பு வடைத்தட்டை ஒன்றைக் கையாலேயே நொறுக்கி மேலே தூவுகிறார் அம்மா. அந்த நொறுக்கும் சத்தம் கேட்டவுடன் சாப்பிட்டுவிடவேண்டும், போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் ஊறிவிடும். 7 வெள்ளி. மண் வாசம் என்று ஒன்று கெளுத்தியில் இருக்குமே, அது இங்கே துளியும் இல்லை. ஒரே ஒரு முறை நூடுல்ஸ் குழைந்திருந்தது, சொன்னேன், எடுத்துப்போய் வேறு கிண்ணம் கொண்டுவந்தார்கள்.

நான் சென்னை வியாசர்பாடிக்காரன். பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார் ஓரத்தில் தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் தின்று வளர்ந்தவன். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த சில வருடத்தில் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது மூன்று லட்சம் இந்தியர்கள் வரை அங்கிருந்து கிளம்பவேண்டியிருந்தது, அதில் நம்மவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. இந்தக் கடையில் அத்தோ கேட்டபோது பரிமாறும் தம்பிக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே, "அதோக் என்றால் கையால் பிசைந்து கலந்தது என்று அர்த்தம் அண்ணா, எதைக் கலக்க?" என்றான். நூடுல்ஸ் அதோக், சமூசா அதோக், தேயிலை அதோக் என்று பத்து வகை இருக்கிறது. நூடுல்ஸ் அதோக்கில் நம்ம ஊர் ஆரஞ்சுக் கலர் இல்லை, புளியும் காரமும் குறைவு. சென்னை நாக்குக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், மிளகாய் எண்ணெய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேயிலை அதோக் அப்படியில்லை. புளித்த தேயிலை, வறுத்த பருப்பு, எள், பூண்டு, தக்காளி, முட்டைக்கோஸ் எல்லாம் சேர்ந்து வாயில் ஒவ்வொன்றாகப் பேசும். ராத்திரி சாப்பிட்டால் தூக்கம் வராது.

அந்தத் தம்பியைப் பற்றி எழுதவேண்டும். அதற்குமுன் ஊலே எழுதித் தந்த சீட்டு.

ஒரு சனிக்கிழமை நான்தான் கேட்டேன், இத்தனை வருடம் எதிர்க்கட்சி உண்மையில் என்னதான் கேட்டது என்று. அவர் ஆர்டர் எழுதும் சீட்டைத் திருப்பிப் போட்டு, அம்மாவிடம் பேனா வாங்கி, பர்மிய எண்களில் 1, 2, 3, 4 என்று எழுதினார். 2009 ஏப்ரலில், ஆங் சான் சூச்சியின் எதிர்க்கட்சியான தேசிய ஜனநாயக லீக், ரங்கூனில் ஷ்வேகொண்டைங் அலுவலகத்தில் வெளியிட்ட அறிக்கையின் சாரம். ஒன்று, அரசியல் கைதிகளை எல்லாம் விடுதலை செய். இரண்டு, 2008 அரசமைப்பைத் திரும்பப் பார். மூன்று, 1990 தேர்தல் முடிவை ஒப்புக்கொள். நான்கு, உட்கார்ந்து பேசு. நான்காவதை எழுதும்போது பேனா மை வரவில்லை, அழுத்தி அழுத்தி எழுதியதில் சீட்டு கொஞ்சம் கிழிந்தது. அந்தச் சீட்டு என் பர்ஸில் இருக்கிறது.

இந்த நான்கையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இதில் எங்காவது பழிவாங்கு, தளபதிகளைத் தூக்கில் போடு என்று இருக்கிறதா? 1990 மே 27 தேர்தலில் 485 இடத்தில் 392 இடம் ஜெயித்த கட்சி இது. ஜெயித்தும் ஒரு நாள்கூட நாடாளுமன்றம் கூடவிடவில்லை. ஆங் சான் சூச்சி 1989க்கும் 2010க்கும் இடையே 15 வருடம் போல வீட்டுக் காவலில். 2003இல் தெபாயினில் அவருடைய வண்டி வரிசையையே கும்பலை விட்டு அடித்தார்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் 1.3 லட்சம் பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போன அதே மாதத்தில், பிணங்களை அடக்கம் செய்து முடிக்கும் முன்பே, அரசமைப்புக்கு வாக்கெடுப்பு நடத்தி 92 சதவீதம் ஆதரவு என்றார்கள். அந்த அரசமைப்பில் நாடாளுமன்றத்தின் கால் பங்கு இடம் ராணுவத்துக்கு, திருத்தவேண்டும் என்றால் முக்கால் பங்குக்கு மேல் வாக்கு வேண்டும். அதாவது ராணுவம் சம்மதிக்காமல் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. இவ்வளவுக்குப் பிறகும் "உட்கார்ந்து பேசு" என்று கேட்கிறவர்களை என்னவென்று சொல்வது. அடிவாங்கியவன் அடித்தவனிடம் போய் சமாதானம் பேசலாமா என்று கேட்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும்.

ஊலே மிகவும் மதிக்கிற ஆள் வின் டின். பத்திரிகையாளர், அந்தக் கட்சியை ஆரம்பித்தவர்களில் ஒருவர், 1989 முதல் 2008 வரை 19 வருடம் சிறை. வெளியே வந்த பிறகும் கைதிகள் போடும் நீலச் சட்டையையே போட்டுக்கொண்டிருந்தார், கடைசி அரசியல் கைதி வெளியே வரும்வரை இதைக் கழற்றமாட்டேன் என்று. 2014இல் இறக்கும்வரை அப்படியேதான். ஊலேவும் சனிக்கிழமைகளில் நீலச் சட்டைதான் போட்டு வருவார். இதை நானாகக் கவனித்தேன், அவர் சொல்லவில்லை.

இப்போது தம்பி. வயது இருபத்திநாலு, இருபத்தைந்து இருக்கும். பர்மாவின் மேற்கு மலைப்பகுதியான சின் மாநிலத்துக்காரன், ஊர் தந்த்லாங். ஊலேவும் நானும் "தேசிய நல்லிணக்கம்" என்ற சொல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஃபிளாஸ்க் மாற்ற வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். பர்மியச் சொல்லில் "பியன்லே" என்று ஒரு பகுதி வருமாம், திரும்பவும் என்று பொருள். திரும்பவும் ஒத்துப்போவது. "திரும்பவும் என்றால், இதற்கு முன் எப்போது ஒத்துப்போயிருந்தோம்?" என்று கேட்டான். குரல் உயரவில்லை, கையில் ஃபிளாஸ்க் அப்படியே இருந்தது. 1947 பிப்ரவரியில் பாங்லாங்கில் சூச்சியின் அப்பா ஜெனரல் ஆங் சானோடு ஷான், கச்சின், சின் இனத் தலைவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், மலைப்பகுதிகளுக்கு உள் சுயாட்சி உண்டு என்றார்கள், ஐந்தே மாதத்தில் ஆங் சானைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், அந்தக் காகிதம் காகிதமாகவே கிடக்கிறது. "உங்களுக்கு ராணுவம் 1962இல் வந்தது ஊலே. எங்கள் மலையில் நாங்கள் எப்போதும் யாரோ ஒருவருடைய ராணுவத்தைத்தான் பார்க்கிறோம்" என்றான்.

அவனுடைய ஊரைப் பற்றி அப்புறம் படித்தேன். 2021 செப்டம்பரிலிருந்து ராணுவம் ஷெல் அடித்து, தீ வைத்து, பத்தாயிரம் பேர் வாழ்ந்த தந்த்லாங்கே காலியாகிவிட்டது. நிறையப் பேர் மிசோரம் பக்கம் ஓடிவந்தார்கள். அவனும் ஊருக்குப் போக முடியாது. வீடு இல்லை என்பது ஒருபக்கம், 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்தினார்கள், 18 முதல் 35 வயதுவரை ஆண்களைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

ஊலே கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ சொல்வது சரி. எங்களுக்கு அது 2021இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகுதான் புரிந்தது" என்றார். ரோஹிங்கியா முஸ்லிம்களின் பேச்சையும் அவரே எடுத்தார். 2017இல் ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டபோது தன்னைப் போன்றவர்கள் வாய் திறக்கவில்லை என்றார், 2019இல் சூச்சி ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் போய் ராணுவத்தைத் தற்காத்துப் பேசிய அன்று இந்தக் கடையில் அதைக் கொண்டாடிய மேசையில் தானும் இருந்ததாகச் சொன்னார். அம்மா கல்லாவில் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டார். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். எந்தத் தலைவரும் மேடையில் பேசி நான் கேட்காத நல்லிணக்கத்தை அன்று ஒரு மேசையில் பார்த்தேன். ஆனால் தம்பி உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனான், அதுவும் நியாயம்தான்.

கோரிக்கைகள் மாறிவிட்டன என்பது உண்மை. சூச்சியின் கட்சி 2015 தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்து, 2020 மார்ச்சில் அரசமைப்பைத் திருத்தப் பார்த்து ராணுவத்தின் கால் பங்கு வாக்கில் தோற்று, அந்த நவம்பரில் மறுபடி ஜெயித்து, 2021 பிப்ரவரி 1 அதிகாலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எல்லாம் போயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள், 1998இலும் இப்படி ஒரு குழு அமைத்தவர்கள்தான். மார்ச் மாதக் கடைசியில் 2008 அரசமைப்பே செல்லாது என்று அறிவித்து, கூட்டாட்சி ஜனநாயகச் சாசனம் ஒன்றை வெளியிட்டார்கள். ஜூன் மாதம் ரோஹிங்கியாக்களுக்குக் குடியுரிமை உண்டு என்று, அந்தக் குழு அமைத்த மாற்று அரசான தேசிய ஒற்றுமை அரசு எழுதித் தந்தது. "திரும்பப் பார்" என்பது போய் "கிழித்துப் போடு" ஆகிவிட்டது. ஆசியான் நாடுகள் ஏப்ரலில் ஜகார்த்தாவில் கூடி ஐந்து அம்சம் என்று ஒன்றை முடிவு செய்தன, வன்முறையை நிறுத்து, பேசு என்று. ஆனால் 2022 ஜூலையில் ராணுவ ஆட்சியினர், 1988 போராட்டத் தலைமுறையின் கோ ஜிம்மியையும் முன்னாள் எம்பி பியோ ஸேயா தோவையும் சேர்த்து நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் ஊலேகூட "பேசு" என்ற சொல்லை எடுக்கவில்லையாம், அம்மா சொன்னார். என் கருத்தைக் கேட்டால், ஊலேயின் சீட்டில் இருக்கும் வரிசை இன்றைக்கும் சரி. முதலில் கைதிகள் வெளியே வரட்டும், பேச்சு நான்காவதாக வரட்டும். சிறைக் கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு நல்லிணக்கம் பேசுகிறவனை நம்பச் சொல்லி அந்தத் தம்பியிடம் யாரும் கேட்கக்கூடாது.

கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இடம் நெருக்கம், பின்னால் இருப்பவர் நாற்காலியை இழுத்தால் நம் தேநீர் சிந்தும். மூலை மேசைக்கு மேலே ஏசி சொட்டும். மூன்று மணிக்கு மேல் சமூசா காலையில் போட்டதுதான், வாங்காதீர்கள். பரோட்டா சுமார், தேக்காவில் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குப் பிடிக்காது, ஆனால் வேகவைத்த பட்டாணியோடு வரும் நான் ரொட்டி நன்றாக இருக்கும். சைவக்காரர்கள் ஜாக்கிரதை, மீன் சாஸோ காய்ந்த இறாலோ எதில் வேண்டுமானாலும் இருக்கும், தேயிலை அதோக்கை இறால் இல்லாமல் கேட்டால் தனியாகப் பிசைந்து தருவார்கள். மெனு முழுவதும் பர்மிய எழுத்தில், படம் இருப்பது சிலவற்றுக்குத்தான். கார்டு வாங்கமாட்டார்கள், பேநௌ (போன் வழியாகப் பணம்) அல்லது காசு.

தேநீருக்கு 5க்கு 5. மொஹிங்காவுக்கு நாலரை. மொஹிங்கா ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும், சனிக்கிழமை பதினொன்றுக்கு முன்பே போய்விடுங்கள். நீலச் சட்டை போட்ட பெரியவர் சுவர் ஓர மேசையில் இருந்தால் பக்கத்தில் உட்காரலாம், நீங்களாக அரசியலைத் தொடங்கவேண்டாம், அவர் கேட்டால் பேசுங்கள். போட்டோ எடுக்கும்போது ஆட்களின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது உங்கள் ஃபிளாஸ்க்கில் தேநீர் மிச்சமிருந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டு வாருங்கள், அந்தக் கடையில் அதுதான் வழக்கம்.